மலேசியா சாலும் கோங்கும் ஒண்ணா? நிலைக்கு எத எடுக்கலாம்

ஒத்தக்கடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம், ஒத்தக்கடை பக்கம் வீடு கட்டிக்கிட்டு இருக்கோம், வர்ற வெள்ளிக்கெழம வாசல் நிலை வைக்கணும். ஆசாரி கோங்கு எடுங்கன்றாரு, மரக்கடையில மலேசியா சால்தான் இருக்கு, ரெண்டும் ஒரே சாதிதான்றாய்ங்க. நெட்ல தேடுனா மலேசியா பக்கம் காட்டுல பெரிய மரம்லாம் பாதிக்கு மேல இந்தக் குடும்பம்தான்னு போட்டிருக்கு. நம்ம அழகர்மலை, சிறுமலையில உசிலை, வேங்கை, கருங்காலின்னு கலந்துல்ல கெடக்கு, அங்க மட்டும் எப்பிடி?

மரவாத்தியார்:
தம்பி, கடைக்காரர் சொன்னது குடும்பம் வரைக்கும் சரி. கோங்கு, சால், மலேசியாவுல மெராந்தி, பாலாவ்னு சொல்ற மரங்க எல்லாமே டிப்டெரோகார்ப் குடும்பம், கிரேக்கத்துல ரெண்டு றெக்கை உள்ள காய்னு அர்த்தம். ஆசியாவுல மட்டும் 400க்கு மேல வகை இருக்கு, போர்னியோ தீவுல மட்டும் 250க்கு மேல. நம்ம நாட்டுல ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் காடு காடா நிக்கிற சால மரமும் இதுதான், பூசைச்சாமான் கடையில வாங்குற குங்கிலியம் அதோட பிசின் (சாம்பிராணி வேற மரம், ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்க வேணாம்). ராமர் ஒரே அம்புல தொளச்ச ஏழு மரத்த வால்மீகி சாலம்னுதான் சொல்றாரு, கம்பர் மராமரம்ன்றாரு. வேர்ல ஒரு வகைக் காளான் ஒட்டி வாழ்ந்து சத்து எடுத்துக் குடுக்குறதால சாரமில்லாத மண்ணுலயும் நல்லா வளருது. நம்ம மலைக வறண்ட காடு, இந்தச் சாதியில பாதிக்கு மேல ஈரம் கேக்கும், மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காட்டுக்குப் போனா வெள்ளைக்குங்கிலியம், கோங்கு ரெண்டையும் பாக்கலாம்.

சபாவுல இருந்தவன்:
வாத்தியார் காயப் பத்திச் சொல்லாம விட்டுட்டாரு, அதான் பெரிய விசயம். நான் சபாவுல (போர்னியோ தீவுல இருக்குற மலேசியா மாநிலம்) செம்பனை, அதான் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல ஒம்போது வருசம் இருந்தேன், அதுல ஒரே ஒரு தடவதான் பாத்தேன். இந்த மரங்க வருசா வருசம் காய்க்காது, சில வருசத்துக்கு ஒருக்கா காடே ஒண்ணா சேந்து பூக்கும். அப்ப தோட்டத்து ஓரத்துல நின்னா காத்தடிக்கையில காயெல்லாம் காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டே எறங்கும், கையில புடிச்சுப் பாத்தேன், பேருல ரெண்டு றெக்கைன்னாலும் இதுல மூணு நீட்டு றெக்கை ரெண்டு குட்டை றெக்கை, நடுவுல கொட்டை. அம்புட்டையும் ஒரே நேரத்துல கொட்டுறதால காட்டுப்பன்னி தின்னு தீக்க முடியாம மிச்சம் மொளச்சிரும். அதுக்கப்புறம் அம்பது மீட்டர் அறுபது மீட்டர்னு போகும், அங்க டானும் பள்ளத்தாக்குல ஒரு மெராந்தி 100.8 மீட்டர், நம்ம மீனாட்சி கோயில் தெக்குக் கோபுரத்த ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு அடுக்குன மாதிரி. ஆனா வெதைய எடுத்து வச்சிக்க முடியாது, விழுந்த கொஞ்ச நாள்ல மொளைக்கணும் இல்லாட்டி செத்துப்போகும், தாய்மரத்த வெட்டிட்டா அந்த எடத்துல வெதைக்கு எங்க போறது, எனக்கு அது இன்னைக்கும் மனசு ஆறல.

பட்டறை:
அண்ணே, சால்னு பேர மட்டும் பாத்து வாங்காதீங்க, பாலாவும் அந்தப் பேர்ல வருது லேசான மெராந்தியும் வருது. எடை போடுங்க. பாலாவ் நல்லா காஞ்சாலும் கன அடி 24 கிலோவாச்சும் நிக்கும், லேசான மெராந்தி பெரும்பாலும் 18 தாண்டாது. வாசல் நிலைக்கு கனமானத எடுங்க, மெராந்திய உள்ரூம் கதவுக்கு வச்சுக்கலாம்.

ஒத்தக்கடைக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். காலையில கடைக்குப் போயி 5க்கு 3 அங்குலத்துல ஒரு அடித் துண்டு கேட்டு வாங்கி தராசுல போட்டேன், 2.7 கிலோ, கணக்குப் போட்டா கன அடி 26 கிட்ட வருது. ஆசாரியும் தட்டிப் பாத்துட்டு சரின்னுட்டாரு, அதையே சொல்லிட்டு வந்துட்டேன். அந்த றெக்கைக் காய் ஃபோட்டோ இருந்தா போடுங்கண்ணே, பசங்க கேக்குறாங்க.