எட்டுப் பேர் ஷீட் ஃபிலிம்காரர்கள்: தபாலில் பிரிண்ட் பரிமாற்றம், ஜனவரியில் மாமல்லபுரம். எப்படி நடத்துவது?

கறுப்புத்துணி கேட்டது:

வணக்கம். சென்னையில் நால்வர், புதுச்சேரியில் இருவர், வேலூரில் ஒருவர், மதுரையில் ஒருவர் என்று, ஷீட் ஃபிலிமில் (ரோலாக இல்லாமல் படத்துக்கு ஒரு தனித்தாளாக வரும் பெரிய ஃபிலிம்) எடுக்கும் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். ஆறு பேரிடம் 4×5 அங்குலக் கேமரா, ஒருவரிடம் 5×7, ஒருவரிடம் 8×10. இப்போதைக்கு வாட்ஸப்பில் ஸ்கேன் போடுவதும், கீழே நாலு கட்டைவிரல் விழுவதுமாக ஓடுகிறது. கையில் பிடித்துப் பார்க்கிற பிரிண்ட் ஒன்றுகூட இன்னும் கைமாறவில்லை.

இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, தபாலில் பிரிண்ட் பரிமாற்றம். இன்னொன்று, ஜனவரியில் ஒரு ஞாயிறு மாமல்லபுரத்தில் சந்திப்பு. கேள்விகள்:

ஆளுக்கு எத்தனை பிரிண்ட் போட வேண்டும், என்ன அளவில்? மூன்று பேரிடம் 4×5 என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) இல்லை. அவர்கள் இங்க்ஜெட் அனுப்பலாமா? தபாலில் மடங்காமல் போய்ச் சேர எப்படிக் கட்டுவது? மாமல்லபுரத்தில் ட்ரைபாட் வைக்க விடுவார்களா? நாள் முழுக்க லென்ஸ் விலை பேசியே கலைந்து போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

---

ஹைப்போ பதில்:

பரிமாற்றத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு ஒரே நெகட்டிவிலிருந்து எட்டு பிரிண்ட். தன்னுடையதும் சேர்த்து எட்டு, அப்போதுதான் எல்லோர் கையிலும் முழு செட் இருக்கும். ஒன்பதாவதாக ஒன்று உபரியாகப் போடச் சொல்லுங்கள். தபாலில் ஒன்று மூலை மடங்கி வரும், அது நிச்சயம். ஒருங்கிணைப்பாளர் ஒருவர்தான் இருக்க வேண்டும். எல்லாம் அவர் வீட்டுக்குப் போய், மேஜையில் எட்டு அடுக்காகப் பிரிந்து, திரும்பி வர வேண்டும். 'ஆளாளுக்கு நேரடியாக அனுப்பிக்கொள்வோம்' என்று தொடங்கினால் 56 பார்சல் ஆகும், பாதியில் நின்றுபோகும். போக வரத் தபால் செலவை முதலிலேயே ஜிபேயில் வாங்கிவிடுங்கள். கெடு தேதிக்குள் வராதவர் அந்தச் சுற்றில் இல்லை. இதில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள், ஒருவருக்காகக் காத்திருந்தால் ஏழு பேருக்கும் ஆர்வம் வடிந்துவிடும்.

படம் எந்த அளவாக இருந்தாலும் தாளின் வெளி அளவு 8×10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கவும் கட்டவும் சுலபம். 4×5 கான்டாக்ட் பிரிண்ட் (நெகட்டிவை நேராகத் தாளின் மேல் வைத்து அதே அளவில் எடுப்பது) போடுபவர், கறுப்புச் சார்ட் அட்டையில் 8×10 வெட்டி, நடுவில் படத்தைவிட ஒரு பொட்டு சின்னதாக ஜன்னல் வெட்டி, தாளுக்கு மறைப்பாக வைத்தால் போதும். நாலு பக்கமும் வெள்ளை விளிம்போடு சின்னப் படம் கம்பீரமாக நிற்கும்.

என்லார்ஜர் இல்லாதது ஒரு குறையே இல்லை. 6 மி.மீ. கண்ணாடி, அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஷீட், மேலே 1 மீட்டர் உயரத்தில் வெள்ளை ஜீரோ வாட் பல்பு. நெகட்டிவின் எமல்ஷன் (ஒளியுணர் பூச்சு) பக்கம் தாளின் எமல்ஷனைத் தொட வேண்டும். திருப்பி வைத்தால் படம் இடவலம் மாறுவதோடு கூர்மையும் போகும். 2, 4, 8, 16 விநாடி என்று சோதனைப் பட்டை போட்டுப் பாருங்கள்.

சிவப்பு விளக்கை நம்புமுன் நாணயச் சோதனை அவசியம். தாளின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து 5 நிமிடம் அந்த விளக்கில் விட்டு, டெவலப் செய்யுங்கள். வட்டம் லேசாகத் தெரிந்தாலும் அந்த பல்பு ஆகாது. கடையில் விற்கிற சிவப்புச் சாயம் பூசிய பல்புகள் பல இதில் தோற்கும்.

கழுவுவதில் ஏமாற்றாதீர்கள். ஆர்.சி. தாளுக்கு (பிளாஸ்டிக் பூச்சுள்ளது) ஓடும் நீரில் 4, 5 நிமிடம் போதும். ஃபைபர் தாள் (அந்தப் பூச்சு இல்லாதது) என்றால், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸருக்குப் பிறகு ஒரு முறை அலசி, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைசலில் 10 நிமிடம், பிறகு அரை மணி நேரக் கழுவல். லாரித் தண்ணீர் வீடுகளில் ஓடும் நீருக்கு வழியில்லை என்றால் தட்டில் நீரைப் பத்து முறை மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் 3 நிமிடம் ஊறட்டும். ஹைப்போ (ஃபிக்ஸர் உப்பு) மிச்சமிருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சீக்கிரமே மஞ்சள் தட்டும். அதுவும் உங்கள் வீட்டில் இல்லை, அடுத்தவர் வீட்டு ஆல்பத்தில்!

பின்பக்கம் எழுத 2B பென்சில், அதுவும் விளிம்புக்குப் பின்னால் மட்டும். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும். ஆர்.சி. முதுகில் பென்சில் பிடிக்காது, விவரத்தைத் துண்டுத்தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள்.

கட்டும் முறை: ஒவ்வொரு பிரிண்டும் தனி பிளாஸ்டிக் உறையில். ஆர்.சி. தாள்களை முகத்தோடு முகம் அடுக்கினால் புழுக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழும் 10×12 அளவில் நெளி அட்டை. ஒன்றின் நெளிவு நெடுக்கில் என்றால் மற்றதன் நெளிவு குறுக்கில் இருக்கட்டும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் தபால் பையில் அந்தக் கோட்டிலேயே மடங்கும். பிரிண்ட் நகராதபடி நான்கு மூலையிலும் தாள் முக்கோணம் ஒட்டிச் செருகுங்கள். மொத்தத்தையும் பாலித்தீனில் சுற்றி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம்.

இங்க்ஜெட் கேள்விக்கு என் பதில்: முதல் சுற்றில் வேண்டாம். மூன்று பேரும் கான்டாக்ட் போடட்டும்.

---

தலைகீழ்பிம்பம் பதில்:

மாமல்லபுரம் பற்றி.

கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டும் தொல்லியல் துறையின் வேலிக்குள் இருக்கின்றன. கையில் பிடித்துப் படமெடுக்கத் தடையில்லை. ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும், வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. ஆட்களின் பெயர், எடுக்கப்போகும் இடம், தேதி, வணிக நோக்கம் இல்லை என்ற உறுதி எல்லாம் சேர்த்து சில வாரங்கள் முன்பே எழுதிக் கொடுங்கள். கிடைக்காமலும் போகலாம். அதனால் அனுமதியை நம்பி மட்டும் நாளைத் திட்டமிடாதீர்கள். மீனவர் குப்பம், சிற்பிகளின் பட்டறைகள் இரண்டும் கைவசம் இருக்கட்டும். பட்டறையில் முதல் நாளே போய்க் கேட்டுவிட்டு, எடுத்த படத்தின் ஒரு பிரிண்ட் கொடுப்பதாகச் சொல்லுங்கள். சொன்னபடி கொடுக்கவும் வேண்டும்.

அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் எட்டு ட்ரைபாட் வரிசையாக நின்றால் சினிமா ஷூட்டிங் என்று நினைத்துக் காவலர் வருவார். மூன்று கேமரா, எட்டுப் பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாறை கிழக்கு பார்த்தது. விடிந்ததும் வெயில் ஏறக்குறைய நேராக முகத்தில் அடிப்பதால் புடைப்பெல்லாம் தட்டையாகிவிடும். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறும். ஒன்பதரை, பத்து மணிக்கு இடப்பக்கமிருந்து சாய்ந்த வெளிச்சம் விழும்போதுதான் யானையின் காது மடிப்பு எழுந்து நிற்கும். தேதியைப் பொங்கல் வாரத்தில் வைக்காதீர்கள். காணும் பொங்கலன்று அங்கே கால் வைக்க இடமிருக்காது.

அங்கேயே ஒரு பயிற்சியும் செய்யலாம். கேமராவை மட்டமாக வைத்து, மேலே அண்ணாந்து பார்க்கச் சாய்க்காமல், லென்ஸ் பொருத்திய முன் பலகையை மட்டும் உயர்த்துங்கள். எவ்வளவு உயர்த்தலாம் என்பதைக் கிரவுண்ட் கிளாஸின் (கேமராவின் பின்னால் படம் விழும் தேய்த்த கண்ணாடி) வெட்டிய மூலைதான் சொல்லும். எடுக்கப்போகிற துளைக்கு, உதாரணமாக எஃப் 22க்கு மூடிவிட்டு, கீழ் மூலை வெட்டு வழியாக லென்ஸைப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிந்தால் சரி. பூசணி விதை மாதிரி ஒடுங்கித் தெரிந்தால் படத்தின் மூலை இருண்டுவிடும். படம் தலைகீழாக விழுவதால் கீழ் மூலையில்தான் வானம் இருக்கிறது, இருட்டும் அங்கேதான் முதலில் தெரியும். எட்டுப் பேரும் ஒரு முறை தங்கள் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எந்த அட்டவணையும் தேவையில்லை.

கடற்காற்றில் பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தி) பாய்மரம் மாதிரி. காற்று வரும் பக்கம் ஒருவர் குடையோடு நிற்கட்டும், கால் விநாடிக்கு மேல் போகிற எக்ஸ்போஷர் என்றால் காற்று ஓய்ந்த இடைவெளியில் விடுங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுவது காற்றில் ஊஞ்சலாகும். தொங்கவிட்டால் பையின் அடி தரையைத் தொட வேண்டும். மணலில் கால் புதையாமல் இருக்க, மூன்று காலுக்கும் உள்ளங்கை அளவு பிளைவுட் துண்டு. ஃபிலிம் ஷீட் செருகிய ஹோல்டர்களைத் தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள், ஐஸ் போடாதீர்கள். குளிர்ந்த ஹோல்டரைத் திறந்தால் ஃபிலிம் மேல் வேர்த்துவிடும். அன்று மாலையே ட்ரைபாடின் கால்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

இன்னொன்று: கூட்டத்தில் ஹோல்டர் மாறும். டார்க் ஸ்லைடின் (ஹோல்டரை மூடும் தகடு) வெள்ளை வெளியே இருந்தால் எடுக்காதது, கறுப்பு வெளியே இருந்தால் எடுத்தது. எல்லோரும் இதே வழக்கம்தானா என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மாற்றி வைத்தாலும் ஒரே ஷீட்டில் இரண்டு படம்.

---

பெல்லோஸ்பஞ்சர் பதில்:

மேலே ஹைப்போ அண்ணன் சொன்னதில் ஒரே இடத்தில் மாறுபடுகிறேன். இங்க்ஜெட்டை ஒதுக்க வேண்டாம். நெகட்டிவ் ஷீட் ஃபிலிமில் இருக்க வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும், பிரிண்ட் எப்படிப் போட்டது என்று பின்னால் எழுதிவிட்டால் போதும். டார்க்ரூம் கட்ட இடமில்லாத ஒற்றை அறை வாடகை வீட்டுக்காரரை முதல் சுற்றிலேயே வெளியே நிறுத்தினால் இரண்டாம் சுற்றுக்கு அவர் வரவே மாட்டார்.

லென்ஸ் விலைப் பேச்சைத் தடுக்க வழி கேட்டிருந்தீர்கள். மதியத்துக்கு ஓர் அறை, ஒரு லைட் பாக்ஸ், நாலைந்து லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி). ஆளுக்கு ஒரு நல்ல பிரிண்ட்டோடு அதன் நெகட்டிவையும் கொண்டு வரட்டும். கூடவே கெட்டுப்போன நெகட்டிவ் இரண்டு. கெட்டுப்போனவைதான் கூட்டத்தை நடத்தும். பிரிண்ட் சுவரில் இருக்கும்போது எடுத்தவர் முதல் ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்கட்டும்.

கெட்ட நெகட்டிவில் பார்க்க வேண்டியவை: டார்க் ஸ்லைடு நுழையும் முனையிலிருந்து கறுப்புக் கீற்று உள்ளே பாய்ந்திருந்தால் அந்த ஹோல்டரின் ஒளித்தடுப்பு தேய்ந்துவிட்டது. விளிம்பு தெளியாத புகைத்திட்டு ஒன்று வேறு வேறு ஹோல்டரில் எடுத்த ஷீட்டிலும் வருகிறதென்றால் பெல்லோஸில் ஓட்டை. இருட்டு அறையில் பெல்லோஸை முழுக்க நீட்டி, உள்ளே செல்ஃபோன் டார்ச்சை விட்டு மடிப்பு மூலைகளைப் பார்த்தால் நட்சத்திரம் தெரியும். பிறை வடிவ அடையாளம் என்றால் ஃபிலிம் ஏற்றும்போது நகத்தால் மடித்திருக்கிறார். நெகட்டிவில் கண்ணாடி மாதிரித் தெளிந்த புள்ளி தூசி, பிரிண்டில் கறுப்பாக வரும். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள், ஃபிலிம் ஹோல்டரின் தண்டவாளத்துக்குக் கீழே போகாமல் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும்.

புதியவர்களுக்குப் பழகக் கொடுக்க எக்ஸ்ரே ஃபிலிம் போதும். பச்சை ஒளிக்கு உணர்வுள்ள 8×10 ஷீட்டை நாலாக வெட்டலாம். ஆனால் சரியாக 4×5 வெட்டினால் ஹோல்டரில் நுழையாது, நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை மி.மீ. குறைத்து வெட்டுங்கள். ஐ.எஸ்.ஓ. 80 என்று தொடங்குங்கள். இரண்டு பக்கமும் எமல்ஷன் என்பதால் தட்டின் அடியிலேயே கீறிக்கொள்ளும். தட்டில் கண்ணாடி ஒன்றைப் போட்டு அதன் மேல் ஒரு நேரத்தில் ஒரு ஷீட் மட்டும். சிவப்புக்குக் குருடு என்பதால் அடர் சிவப்பு விளக்கில் படம் எழுவதை எட்டுப் பேரும் சுற்றி நின்று பார்க்கலாம். அதுவே பாதிப் பேரைத் தக்கவைக்கும். மாமல்லபுரத்துச் சிவந்த தோலும் செம்மண்ணும் இதில் கறுத்து விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சங்கம் கட்டுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சென்னையில் 1856லேயே புகைப்படச் சங்கம் இருந்தது. 1858ல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைச் சுற்றி வந்து எடுத்து, 21 பிரிண்ட்டை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். தாள் நெகட்டிவில்!

---

கறுப்புத்துணி:

மூவருக்கும் நன்றி. இங்க்ஜெட்டை அனுமதிக்கிறோம், பின்னால் எழுதினால் போதும். ட்ரைபாட் விண்ணப்பம் இந்த வாரமே போகிறது. ஒரு சந்தேகம் மட்டும்: 25 ஷீட் உள்ள எச்.பி.5 ஃபிலிம் பெட்டி ஒன்றை எல்லோரும் சேர்ந்து வாங்கிப் பிரிக்கலாம் என்றிருக்கிறோம். இருட்டில் பிரித்துக் கொடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

---

ஹைப்போ பதில்:

சேஞ்சிங் பேகில் (கையை மட்டும் நுழைக்கும் ஒளிபுகாத பை) செய்யாதீர்கள், நம் ஊரில் பத்தாவது நிமிடம் கை வேர்த்து விரல் ரேகை பதியும். ராத்திரியில், கதவிடுக்கில் துணி அடைத்த குளியலறை நல்லது. எட்டுப் பேரும் காலியான பிரிண்ட் தாள் பெட்டியும் அதற்குள் இருந்த கறுப்புப் பையும் கொண்டு வரட்டும். விளக்கணைக்கும் முன் எட்டுப் பெட்டியையும் வரிசையாகத் திறந்து வைத்து, கண்ணை மூடி ஒரு முறை கையால் தடவிப் பழகுங்கள்.

ஷீட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்தால், வெட்டுக்குறி வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்படும்போது எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது. எல்லாவற்றையும் அதே வாக்கில் போடுங்கள், இல்லாவிட்டால் வாங்கிப்போகிறவர் ஹோல்டரில் திருப்பி ஏற்றுவார். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், ஒன்றன்மேல் ஒன்று இழுக்காதீர்கள். மூன்று மூன்றாக எட்டுப் பேருக்கு 24.

மிச்சம் ஒன்று இருக்கும். அதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், வெளிச்சமே காட்டாமல் டி-76 டெவலப்பரும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்ததில் டெவலப் செய்து பாருங்கள். 20 டிகிரியில் 11 நிமிடம், குழாய்த் தண்ணீர் 24க்குக் கீழே இறங்காவிட்டால் 8 நிமிடம். ஒரே சீராகத் தெளிவாக வந்தால் பெட்டி நல்ல பெட்டி. ஓரத்தில் புகை தெரிந்தால், எட்டுப் பேரும் மாமல்லபுரத்துக்கு ஏற்றும் முன்பே சொல்லிவிடலாம்.