சட்ட ஆங்கிலம் பழகிய கதை: எல்லையோரத்துக்காரர்கள் பகிர்கிறோம்

வண்டிப்பெரியாறு வக்கீல்:

கேரளத்தில் பீர்மேடு தாலுகாவில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்து, அப்புறம் வக்கீலானவன் நான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், கீழ்க்கோர்ட்டில் மலையாளமும் ஆங்கிலமும். ஹைகோர்ட் என்றால் அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவுப்படி ஆங்கிலம்தான். மத்திய, மாநிலச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகமும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே தமிழ்வழியில் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியே ஆகவேண்டும்.

பலரும் முதல் வேலையாகச் சட்ட அகராதி வாங்கி லத்தீன் சொற்களை உருப்போடுகிறார்கள். அது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் நம்மைத் திணறடிப்பது பெரும்பாலும் வாக்கியம்தான். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், நம் காதும் அதற்காகவே காத்திருக்கும். சட்ட ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுகிறது. அதன் பின்னால் ஏ, பி, சி என்று உட்பிரிவுகள் வரும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது 'ப்ரொவைடட் தட்' (ஆனால், இன்ன நிலையில் இப்படி) என்று ஒரு விலக்கு வரி வரும், அதைத்தான் ப்ரொவைசோ என்பார்கள். வழக்கே சில நேரம் அந்த வரியில்தான் இருக்கும்.

நான் ஜூனியராக இருந்தபோது ஓர் அக்கா சீனியரைப் பார்க்க வந்தார். அவருடைய கணவர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் முடிவதற்குள் நோயில் இறந்துவிட்டார். ஐந்து வருஷம் ஆகவில்லை, அதனால் கிராஜுவிட்டி (வேலை முடியும்போது தரும் பணிக்கொடை) கிடையாது என்று எஸ்டேட் ஆபீசில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சீனியர் 1972-ஆம் வருஷத்துக் கிராஜுவிட்டி சட்டத்தை எடுத்து, நாலாவது பிரிவைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முதல் வரியோடு நிறுத்தினால் ஆபீஸ் சொன்னதுதான் சரி என்று தோன்றும்.

"வினையை முதலில் பிடி" என்றார். 'ஷல் பி பேயபிள்' (கொடுக்கப்பட வேண்டும்) என்பதைப் பென்சிலால் வட்டமிட்டேன். யாருக்குக் கொடுக்க வேண்டும்? எப்போது? என்ன நிபந்தனை? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் முடிகிற இடத்தில் ஒரு கோடு போடச் சொன்னார். ஐந்து வருஷம் என்பது நிபந்தனைப் பகுதியில் தனியாக நின்றது. கடைசியில் ப்ரொவைசோ: மரணத்தாலோ உடல் முடங்கியதாலோ வேலை முடிந்தால் அந்த ஐந்து வருஷம் தேவையில்லை. அதற்கடுத்த ப்ரொவைசோ, தொழிலாளி இறந்துபோனால் பணம் நாமினிக்கு, நாமினி இல்லையென்றால் வாரிசுகளுக்கு என்றது. எதிரே நாற்காலி நுனியில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். அதுவரை எந்த ஆங்கில வாக்கியத்தையும் நான் அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

தொழிலாளர் துறையில் மனுப் போட்டோம், பணம் வந்தது. அந்த வரியைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரும்படி அக்கா கேட்டு வாங்கிப் போனார். லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) இன்னும் சிலர் வீட்டிலும் இதே பிரச்சினை இருந்தது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பிரிவு இதே அமைப்பில்தான் இருக்கிறது. அதனால் பென்சில் பாடம் இன்றைக்கும் செல்லும்.

நகரி:

நாங்கள் ஆந்திரா பக்கம். 1960-ல் எல்லை மாற்றி அமைத்தபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, எங்கள் ஊர் இங்கேயே நின்றுவிட்டது. என் அனுபவம் சாட்சிக் கூண்டைப் பற்றியது.

கேள்வி தெலுங்கில் வரும், நம்மாள் பதற்றத்தில் தமிழில் பதில் சொல்வார், நீதிபதி ஆங்கிலத்தில் டிக்டேட் செய்வார், ஸ்டெனோ அடிப்பார். "அன்னைக்கு நீங்க பணம் குடுக்கவே இல்ல, சரிதானே?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். பெரியவர் "ஆமாங்க" என்பார். எதற்கு அந்த 'ஆமா'? கொடுக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறாரா, இல்லை கொடுத்தேன் என்று அடித்துச் சொல்கிறாரா? பேச்சில் முகத்தையும் குரலையும் வைத்துப் புரிந்துகொள்வோம். தாளில் அது 'இட் இஸ் ட்ரூ' (அது உண்மை) என்று ஏறிவிட்டால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். மறுத்தால் 'இட் இஸ் நாட் ட்ரூ டு சஜஸ்ட் தட்' (இப்படிச் சொல்வது உண்மையில்லை) என்று தொடங்கும். அந்த வாக்கியத்தில் இரண்டு 'இல்லை' சேர்ந்து வந்தால், மொத்தத்தில் சாட்சி என்ன சொன்னார் என்பதை நின்று நிதானித்துப் படிக்க வேண்டும்.

இதனால் எங்கள் கட்சிக்காரர்களிடம் ஆமா, இல்லை என்று நிறுத்தாமல் "குடுத்தேன்" அல்லது "குடுக்கல" என்று முழுசாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, சிவில் நடைமுறைச் சட்டத்தில் 18-வது ஆர்டர், 6-வது ரூல். சாட்சிக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவானால், அவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் அதை அவருக்கு விளக்க வேண்டும். அவசரத்தில் இது விட்டுப்போகக்கூடும். எழுந்து கேளுங்கள், அது சாட்சியின் உரிமை.

கொழிஞ்சாம்பாறை மாணவி:

இரண்டு பேருக்கும் நன்றிங்க அண்ணா. நான் சட்டக் கல்லூரி முதலாம் வருஷம், ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். வரையறைப் பிரிவுகளில் 'மீன்ஸ்' என்று வந்தால் அதற்குள் சொன்னது மட்டும், 'இன்க்ளூட்ஸ்' என்று வந்தால் சொன்னதற்கு மேலும் சேரலாம் என்பது இந்த மாதம்தான் பிடிபட்டது. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எந்தச் சட்டத்தில் தொடங்குவது?

வண்டிப்பெரியாறு வக்கீல்:

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் எடும்மா. பழைய ஆங்கிலம்தான், ஆனால் பல பிரிவுகளுக்குக் கீழே உதாரணம் கொடுத்திருப்பார்கள். 25-வது பிரிவில் ஆயிரம் ரூபாய்க் குதிரையை ஏ என்பவர் மனமொப்பிப் பத்து ரூபாய்க்கு விற்கச் சம்மதிப்பார். விலை குறைவு என்றாலும் ஒப்பந்தம் செல்லும். முதலில் உதாரணத்தைப் படி, அப்புறம் மேலே போய்ப் பிரிவைப் படி, பிறகு பென்சிலை எடு. சட்டங்களின் வாசகம் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தளத்தில் சில தீர்ப்புகளுக்குத் தமிழாக்கமும் உண்டு. ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாக ஒப்பிட்டுப் பார். எந்தப் பத்தியாவது பிடிபடவில்லை என்றால் இங்கே போடு, சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.