நிமிர்கூம்பல்: உயர்மாடிப் படங்களுக்கு ஒரு சொல்

வணக்கம்.

உயர்ந்த கட்டிடமொன்றின் அடியில் நின்று கமராவை நிமிர்த்திப் படமெடுத்தால், பக்கச் சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன கிழமை கேட்டிருந்தேன். வந்த இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு நாலு நாள் யோசித்தேன்.

> செங்குத்துக்கோட்டு ஒருங்கல் என்றால் என்ன குறை? ஒருங்கல் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற சொல்தானே.

பொருளில் ஒரு குறையும் இல்லை ரீச்சர். ஒருங்கல் என்றால் ஒரு புள்ளியை நோக்கி நெருங்கிப் போவது என்று, கணிதத்தில் ஒருங்கும் தொடர் படித்தவருக்கு உடனே விளங்கும். ஆனால் வெயிலுக்குள் கமராவோடு நிற்கிறவர் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுகிற சொல்லாக அது வராது. நான் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன், நாக்கு ஒவ்வொரு முறையும் "லைன் உள்ளுக்குச் சாயுது" என்பதற்கே திரும்பிப் போனது.

> சாய்வுப் பிழை. இது போதும் தம்பி.

அண்ணை, இதில் எனக்கு இரண்டு மறுப்பு. கொழும்பில் பேர வாவிப் பக்கம் நிற்கும் அல்டெயர் கட்டிடத்தை எடுங்கள். மோஷே சஃப்டி வடிவமைத்தது, 240 மீற்றர் உயரம். அதன் இரண்டு கோபுரங்களில் ஒன்று மெய்யாகவே மற்றதன் மேல் சாய்ந்து நிற்கிறது. அடியிலிருந்து எடுத்த அதன் படத்துக்குக் கீழே "சாய்வு" என்று எழுதினால், கட்டியவர் சாய்த்ததா கமரா சாய்த்ததா என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மற்றது "பிழை". வீட்டை விற்கப் போடுகிற விளம்பரப் படத்தில் அது பிழைதான். கலைப்படத்தில் அதுவே சில வேளை படத்தின் உயிர். 1925 இல் மொஸ்கோவில் அலெக்சாந்தர் ரொட்சென்கோ ஒரு மாடிக் கட்டிடத்தின் பல்கணிகளை அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தார். கமராவை நேராகப் பிடிக்கத் தெரியாமல் எடுத்ததல்ல அது. நகரத்தை இப்படியும் பார்க்கலாம் என்று வேண்டுமென்றே எடுத்தது. இன்றைக்கு உயர்மாடிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களும் அப்படித்தான். வில்லைக்கு முன்னால் கரிய வடிகட்டியைப் போட்டு, நிமிடக்கணக்கில் ஒளியை உள்ளே விட்டு, முகிலை நீளக் கோடாக இழுபட வைப்பார்கள். கட்டிடத்தின் விளிம்புகள் அந்த முகிலுக்குள் ஒரு புள்ளியை நோக்கி ஓட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. ஆகவே சொல்லுக்குள்ளேயே பிழை, வழு, திரிபு எதுவும் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். அதைத் தந்தது என்னிடம் படமெடுக்கப் பழகும் ஒரு பிள்ளை. பொது நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கலாசார மத்திய நிலையத்தின் பதினொரு மாடிக் கோபுரத்தை எடுக்கப் போயிருந்தோம். வானளாவிகள் இல்லாத யாழ்ப்பாணத்தில் இந்தப் பாடத்துக்கு அதை விட்டால் வேறு கட்டிடம் கிடைக்காது. பிள்ளை கிட்டப் போய்க் குந்தி, போனைப் பின்னுக்குச் சரித்து ஒரு படம் எடுத்தாள். திரையில் போட்டிருந்த கட்டக் கோடுகள் நேராக நிற்க, யன்னல் வரிசைகள் அவற்றை வெட்டிக்கொண்டு உள்ளே போயின. "சேர், கட்டிடம் கூம்பிப் போச்சு" என்றாள்.

கூம்புதல்! தாமரை இரவில் கூம்பும், கை கூப்பும்போது விரல்கள் கூம்பும். கணிதப் புத்தகத்துக் கூம்பும் இதே வேர்தான். அடி அகன்று தலை ஒடுங்குவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வெறும் "கூம்பல்" போதாது. நல்லூர்க் கோபுரமும் கூம்பித்தான் நிற்கிறது. ஒவ்வொரு தளத்தையும் கீழ்த்தளத்தைவிடச் சிறிதாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், எங்கே நின்று பார்த்தாலும் அது கூம்பல்தான். உயர்மாடி அப்படியல்ல. அதன் தலை அடியைவிடத் தூரத்தில் இருப்பதாலும், நிமிர்த்திய கமராவுக்குள் படம் விழும் தளம் சுவருக்குச் சமாந்தரமாக இல்லாததாலும் படத்தில் மட்டும் கூம்புகிறது. பனங்கூடலுக்குள் நின்று அண்ணாந்து எடுத்தால் நேராய் வளர்ந்த பனைகளெல்லாம் உச்சியில் கூட்டம் கூடுவதும் இதே காரணத்தால்தான். அந்தக் காரணம் சொல்லுக்குள் வர வேண்டும்.

முதலில் "அண்ணாக்கூம்பல்" என்று எழுதிப் பார்த்தேன். அண்ணாக்கும் அண்ணாவும் நினைவில் வந்து குழப்பின, விட்டுவிட்டேன். அப்புறம் வந்தது நிமிர்கூம்பல். வினைத்தொகை. நிமிர்ந்து நிற்கிற சுவர், நிமிர்ந்து பார்க்கிற கமரா, இரண்டும் அந்த "நிமிர்" என்பதற்குள் அடங்கிவிடுகின்றன.

இதற்கு ஒரு துணையும் தானாக வந்து சேர்கிறது. 2022 இல் மக்களுக்குத் திறந்த கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் மேல்தட்டில் நின்று கீழே பார்த்து எடுத்தால், சுற்றியுள்ள மாடிகள் தலை பருத்து அடி ஒடுங்கும். அது குனிகூம்பல். நிமிர்ந்தால் ஒன்று, குனிந்தால் மற்றது. ஒருங்கலை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சோடி எனக்கு அமையவில்லை.

திருத்துகிற வேலைக்குக் "கூம்பல் நீக்கல்" என்பது போதும். கமராவை மட்டமாக வைத்தால் கூம்பாது, ஆனால் கட்டிடத்தின் தலை வெட்டுப்பட்டு, படத்தின் கீழ்ப்பாதி முழுக்க நிலமாகிவிடும். வில்லையை மட்டும் மேலே நகர்த்தினால் தலை உள்ளே வரும், கமரா மட்டமாகவே இருக்கும். அந்த வில்லைக்கு "நகர்வு வில்லை" என்று எழுதியிருக்கிறேன். "பெயர்ச்சி வில்லை" நல்லதென்றால் சொல்லுங்கள், மாற்றலாம்.

பிள்ளைகளின் படக் காட்சிக்கான விளக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. ஏழு படங்களில் நிமிர்கூம்பல் வருகிறது, ஒன்றில் குனிகூம்பல். ரீச்சர், அட்டையில் அடைப்புக்குறிக்குள் ஒருங்கலையும் போடுவதா என்பதை மட்டும் நீங்கள் வியாழனுக்குள் எழுதிவிடுங்கள்.