பெஞ்ச் பிரஸ் 50 கிலோவில் நிற்கிறது: செட்டைக் கூட்டுவதா, எடையைக் கூட்டுவதா?

மொட்டைமாடி:
வயது 34, உடல் எடை 71 கிலோ. திங்கள், புதன், வெள்ளி காலையில் ஜிம் போகிறேன். பெஞ்ச் பிரஸுக்கு (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடைப் பாரை மேலே தள்ளுவது) பயிற்சியாளர் சொன்ன வரிசை இது: 30 கிலோவில் 15 ரெப் (15 முறை தூக்குவது; அது ஒரு செட்), 40இல் 12, 50இல் 8, கடைசியாக 60இல் முடிந்தவரை. அந்தக் கடைசிச் செட்டில் இரண்டாவது ரெப்பிலேயே பின்னால் நிற்பவர் பாரைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். மாதக்கணக்கில் இதே எண்கள்தான். ஒருவர் 5×5 (ஐந்து செட், செட்டுக்கு ஐந்து ரெப்) என்கிறார், இன்னொருவர் 3×12 என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழையதட்டு:
தம்பி, அந்த 60 கிலோ செட்டைப் பின்னால் நிற்பவர் கணக்கில் எழுதிவிடுங்கள். அது அவருடைய பயிற்சி.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தூக்கிய எடையை 30ஆல் வகுத்து, ரெப் எண்ணிக்கையால் பெருக்கி, அதே எடையோடு கூட்டினால் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை தோராயமாகக் கிடைக்கும். எப்லி சூத்திரம் என்பார்கள். 50 கிலோவை 8 முறை தூக்குகிறீர்கள்; உச்சம் 63 கிலோ வருகிறது. 60 என்பது அதில் 95 சதவீதம். மூன்று செட்டில் களைத்த மார்பும் கையும் அதை எப்படித் தூக்கும்?

30இல் 15, 40இல் 12 என்று 27 ரெப்பை முன்னாலேயே செலவழித்துவிடுகிறீர்கள். உருப்படியான செட் என்று மிஞ்சுவது 50இல் போடும் 8 மட்டும்தான். வரிசையை மாற்றுங்கள். வெறும் பாரில் 10, 35இல் 5, 45இல் 3. இது உடலைச் சூடாக்க. மூச்சு வாங்கவே கூடாது. பிறகு 50 கிலோவில் மூன்று செட், நடுவில் இரண்டரை நிமிட ஓய்வு. முதல் நாள் 8, 7, 6 வரலாம். மூன்றிலும் 8 வரும்வரை எடையைத் தொடாதீர்கள். வந்ததும் பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு ஒன்று. ரெப் மறுபடி 6க்கு இறங்கும், இறங்கட்டும். ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்று தூக்கலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள்.

5×5ஆ 3×12ஆ என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. நோட்டில் எண் ஏறினால் இரண்டும் சரி.

ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் ஜிம் பார் 20 கிலோதானா?

மூட்டுவைத்தியன்:
பிசியோதெரபி பார்ப்பவன். எடையை ஏற்றிக்கொண்டே போகும் முறையை அடியோடு தள்ளிவிட வேண்டாம். 1940களில் காயம்பட்ட படைவீரர்களுக்கு வைத்தியம் செய்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், முதலில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்து செட் வரை கொடுத்தார். அது அதிகம் என்று கண்டு 1948இல் சக மருத்துவர் வாட்கின்ஸுடன் சேர்ந்து மூன்றாகக் குறைத்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் முதலில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழுசு. எல்லாமே பத்து ரெப்தான். லேசான எடையில் 15 என்று அவர் இழுக்கவில்லை.

பழையதட்டு:
ஒப்புக்கொள்கிறேன். அவர் ஏணியில் முதல் இரண்டு படி இளைப்பாறுகிற படி.

மொட்டைமாடி:
பாரைத் தராசில் வைத்துப் பார்த்தேன் அண்ணா, 15 கிலோதான்! இன்னொரு சந்தேகம்: தோள் பயிற்சிக்கு 10 கிலோ டம்பெல். அதற்கு அடுத்து எங்கள் ஜிம்மில் 15தான் இருக்கிறது.

பழையதட்டு:
பாரை 20 என்று வைத்துக் கூட்டியிருக்கிறீர்கள்; அப்படியானால் உங்கள் 50 உண்மையில் 45. தட்டுகள் அப்படியே இருக்கட்டும், நோட்டில் மட்டும் திருத்துங்கள்.

10இலிருந்து 15 என்பது ஒரே தாவலில் பாதி எடை கூடுதல். 8 ரெப் வந்ததும் தாவினால் தோள்தான் வலிக்கும். 10 கிலோவிலேயே 15 ரெப் வரை போங்கள், பிறகு நான்காவது செட் சேருங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் தோள் பயிற்சியைப் பாருக்கு மாற்றிவிடுங்கள். அங்கே 2.5 கிலோவாக ஏற்றலாம்.