புதுப்பிப்பு: காலை 9 மணிக்குத் திணறும் டேட்டாபேஸ் சர்வர்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: யாழ்ப்பாணத்தில் நான் பார்க்கிற மொத்த வியாபாரக் கடையின் மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வர், காலையில் பில் போடத் தொடங்கியதும் இழுக்கிறது, சிபியூவோ 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. "சிபியூவை விடும் தம்பி, டிஸ்க்கைப் பாரும்" என்று ஓர் அண்ணை எழுதியிருந்தார். அவர் சொன்னதுதான் சரி.

சர்வரின் அளவீடுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸும், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவும் போட்டு மூன்று நாள் விட்டேன். 9 மணியானதும் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தின் கோடு பனைமரம் மாதிரி நெட்டுக்கு நிற்கிறது. தோண்டினால், பஃபர் பூல் (டிஸ்க்கை அடிக்கடி தொடாமலிருக்க டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் இடம்) இன்னும் ஆரம்ப அளவான 128 எம்பியிலேயே கிடக்கிறது. மெஷினில் 16 ஜிபி ரேம்! அமைத்தவனைத் திட்டலாம் என்றால், அமைத்தது நான்தான். 10 ஜிபி ஆக்கினேன், ரீஸ்டார்ட்கூடத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை கோடு படுத்துவிட்டது.

ஸ்லோ குவெரி லாக்கில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளில், அதாவது குவெரிகளில், மெதுவானவற்றைக் குறித்து வைக்கும் பதிவு) ஏன் ஒன்றும் விழவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நாம் மாற்றாவிட்டால் அதன் எல்லை 10 விநாடி. எங்கள் இருப்புக் கணக்கு குவெரி 7 விநாடியில் நழுவிக்கொண்டிருந்தது. இப்போது 1 விநாடி வைத்திருக்கிறேன். நாலு குவெரி சிக்கின, ஒன்றுக்கு இன்டெக்ஸே (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லை.

அப்புறம் இன்னொரு மடத்தனம். கண்காணிப்பையும் அதே மெஷினில்தான் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட, வீட்டோடு சேர்ந்து காவல்காரனும் படுத்துவிட்டான். எச்சரிக்கை வரவில்லை, முதலாளியின் போன்தான் வந்தது. இப்போது அது ஒரு பழைய லேப்டாப்பில் ஓடுகிறது, ரவுட்டருக்கும் தனியாகச் சின்ன யூபிஎஸ்.

சுன்னாகம் கிளையின் ரெப்ளிகா (இந்த டேட்டாபேஸின் நகல்) பின்தங்குவதை இன்னும் தொடவில்லை. அது அடுத்த வாரம்.