நிச்சய மோதிரம் ஆர்டர் கொடுத்துச் செய்ய எத்தனை நாள் ஆகும்? அவசரம்

காங்கேயம்காளை
வணக்கம். அடுத்த மாதம் வீட்டில் நிச்சயதார்த்தம். கடையில் இருக்கிற மோதிரம் எதுவும் பிடிக்கவில்லை. ஒரு படம் கையில் இருக்கிறது, அதே மாதிரி செய்து வாங்க வேண்டும். ஒரு கடையில் 10 நாள் போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் 45 நாள் என்கிறார்கள். எதை நம்புவது? சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

மிளகுரசம்
அடுத்த மாதம் என்றால் ஐப்பசியா, அக்டோபரா? கல் வைத்ததா, வெறும் தங்கமா? 18 காரட்டா, 22-ஆ? எந்த ஊர்? இது எதையும் சொல்லாமல் நாள் மட்டும் கேட்டால் ஜோசியரிடம்தான் போகணும்.

சபையோன்
இதே கேள்வி எத்தனை தடவை வந்தாயிற்று. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. மண்டபத்தை ஒரு வருஷம் முன்னாடி பிடிக்கிறீர்கள், போட்டோகிராபரைப் பிடிக்க நீ நான் என்று அடித்துக்கொள்கிறீர்கள், மோதிரம் மட்டும் கடைசி நேரத்தில் ஞாபகம் வருகிறது. புரட்டாசி பிறந்த பிறகு ஐப்பசி விசேஷத்துக்கு ஆர்டர் கொடுப்பவரை என்ன சொல்ல.

பவளமல்லி
வாழ்த்துகள் தம்பி! பெண்ணின் விரல் அளவை முதலில் எடுத்துவிடுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் அவர் தங்கையைப் பிடித்து, அந்த விரலில் போடுகிற பழைய மோதிரம் ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். பெண்களுக்கு 2, 3 கிராமில் மெல்லிசாகச் செய்தாலே அழகுதான். நாளும் குறைவாகவே ஆகும்.

பட்டறைக்காரன்
கோவையில் நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இரண்டு கடையும் பொய் சொல்லவில்லை. 10 நாள் சொன்னவர், கையில் கல் இருக்கிறது, நீங்களும் படத்தைப் பார்த்தவுடன் தலையாட்டிவிடுவீர்கள் என்று வைத்துச் சொல்கிறார்.

கல் வைப்பதாக இருந்தால் முதலில் கல். 30 சென்ட், அதாவது 0.30 காரட் வைரம் சுமார் 4.3 மி.மீ. இருக்கும், அரை காரட் 5.1 பக்கம். ஆனால் ஒரே எடையில் இரண்டு கல்லை எடுத்து அளந்தால் இரண்டும் ஒரே அகலம் காட்டாது. அதனால் கல்லை அளந்த பிறகுதான் அது உட்காருகிற இடத்தை கேட் டிசைனில், அதாவது கம்ப்யூட்டரில் போடுகிற படத்தில், சரியாக வரைய முடியும். சர்ட்டிபிகேட்டோடு கேட்டால் பெரும்பாலும் சூரத்தில் இருந்தோ மும்பையில் இருந்தோ வரணும், அதற்கே ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். டிசைன் வரைய 2, 3 நாள். அதைப் பார்த்து "அம்மாகிட்ட காட்டிட்டு சொல்றேன்" என்று கிளம்பினால் அந்த நாளெல்லாம் உங்கள் கணக்கு. நான் பார்த்தவரை லேட்டாகிற மோதிரத்தில் பாதி இந்த இடத்தில்தான் லேட்டாகிறது.

ஓகே ஆனதும் மெழுகில் மோதிரத்தை எடுத்து, பிளாஸ்டருக்குள் புதைத்து, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் தங்கத்தை ஊற்றுவோம். 2, 3 நாள். சில வார்ப்பில் ஊசிமுனை அளவுக்குக் குழி விழும். பாலிஷ் சக்கரத்தில் பிடிக்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் மறுபடி மெழுகில் இருந்து ஆரம்பம். அப்புறம் ராவி, கல் பதித்து, பாலிஷ் போட 4, 5 நாள். ஹால்மார்க் சென்டருக்குப் போய் வர 1, 2 நாள். தடங்கல் இல்லாவிட்டால் 3 வாரம்.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். கல் பதிக்கிறவர்களில் நிறைய பேர் வங்காளிகள். துர்கா பூஜைக்கு ஊருக்குப் போவார்கள், சிலர் காளி பூஜையையும் முடித்துக்கொண்டுதான் வருவார்கள். காளி பூஜை நம் தீபாவளி சமயத்தில் வருகிறது. இங்கே நமக்கும் ஆயுத பூஜை லீவு, தீபாவளிக் கூட்டம். 45 நாள் சொன்னவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

அரைப்பவுன்
கேட் கீட் எல்லாம் காசு பிடுங்குகிற வேலை. எங்கள் தெருப் பத்தர் படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், கம்பி இழுத்து, தகடு தட்டி, நாலு நாளில் கையில் கொடுப்பார். அதுவும் 22 காரட். 18 என்பது தங்கமா? நாலில் ஒரு பங்கு வேற உலோகம்.

பட்டறைக்காரன்
அண்ணா, பத்தர் வேலைக்கு நான் எதிரி இல்லை, எங்கள் அப்பா செய்ததே அதுதான். வெறும் தங்கம் என்றால் தாராளமாக 22-ல் கையால் செய்யச் சொல்லலாம். கல் என்று வந்தால், 22 மென்மையான தங்கம், கல்லைப் பிடிக்கிற கொக்கி நாளடைவில் விரிந்துவிடும். அதனால்தான் வைரத்துக்கு 18 என்கிறோம். எங்கே செய்தாலும் ஹால்மார்க் பற்றி முதலிலேயே பேசிவிடணும். 2023 ஏப்ரலில் இருந்து எச்.யு.ஐ.டி. என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இட அடையாளக் குறி நகையில் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு. ஆண்டுக்கு 40 லட்சத்துக்குக் கீழே வியாபாரம் பார்க்கிற சின்னவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் நாளைக்கு விற்கவோ மாற்றவோ போகும்போது முத்திரை இல்லாவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

காங்கேயம்காளை
பெண்ணுக்கு என்று யார் சொன்னது? மோதிரம் மாப்பிள்ளைக்கு. நான் பெண்ணின் அண்ணன். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், நிச்சயத்துக்கு 4 நாள் முன்னாடிதான் வருவார். நிச்சயம் தீபாவளி முடிந்து அடுத்த வாரம். ஒரு பவுன், சதுர முகப்பு, ஒரு மூலையில் சின்ன வைரம், உள்பக்கம் தங்கச்சி பேர். ஈரோடு.

மிளகுரசம்
அப்படி வாங்க வழிக்கு.

பவளமல்லி
நான் பாவம் 2 கிராமில் மெல்லிசாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் 😄 சரி, மாப்பிள்ளைக்குத் தங்கை இருந்தால் அதே யோசனைதான்.

பாலைவனத்தான்
துபாய் என்றால் கவலையே இல்லை. தேராவில் கோல்டு சூக்கில் ஏதாவது ஒரு கடையில் ஏறச் சொல்லுங்கள், வளையக் கொத்தை எடுத்து விரலில் மாட்டி அளந்து சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் சொல்கிற நம்பர் எந்த நாட்டுக் கணக்கு என்று கேட்கணும். அமெரிக்க சைஸ் 10 நம் ஊரில் 22. நம்பரை விட்டுவிட்டு உள் சுற்றளவை மி.மீ.யில் கேட்டு வாங்குவது நல்லது. அதில் 40-ஐக் கழித்தால் ஏறக்குறைய நம்மூர் சைஸ் வந்துவிடும்.

பட்டறைக்காரன்
சரியான யோசனை. கூடவே இரண்டு விஷயம். ஏசிக்குள் போய் உட்கார்ந்து விரல் சில்லிட்ட பிறகு அளந்தால் குறைவாகக் காட்டும், சாயங்காலமாக, சாதாரணமாக இருக்கும்போது அளக்கணும். ஒரு பவுன் மோதிரம் அகலமாக இருக்கும், மெல்லிய வளையத்தில் எடுத்த அளவை விட அரை சைஸாவது கூட வைக்கச் சொல்லுங்கள்.

பெயரை இப்போது வெட்ட வேண்டாம். சைஸ் மாற்ற வளையத்தை வெட்டி ஒட்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். அவர் வந்து போட்டுப் பார்த்த பிறகு லேசரில் போட்டுக்கொள்ளலாம். அந்த 4 நாள் அதற்குத் தாராளம். மற்றபடி டிசைனை இந்த வாரத்துக்குள் முடித்துக் கொடுத்தால் பூஜைக்கு முன்னாடி கல் பதிக்க ஆள் கிடைக்கும். தள்ளிப் போனால் கல் இல்லாத டிசைனுக்கு மாறிவிடுங்கள்.

சபையோன்
எல்லாரும் அளவு, அகலம் என்று பேசுகிறீர்கள். மாப்பிள்ளைக்கு வைரம் ஒத்துக்கொள்ளுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வைரத்தில் தோஷம் உண்டு. மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் காலத்தில் வாங்குவார்கள்.

மிளகுரசம்
யார் தலையணை? மாப்பிள்ளை தலையணை துபாயில் இருக்கிறது. கல்லை கூரியரில் அனுப்பணுமா? பட்டறைக்காரரே, இந்த 3 ராத்திரியையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

பாலைவனத்தான்
லேபில் உருவாக்குகிற வைரம் வாங்கினால் தோஷமும் இல்லை, விலையும் குறைவு.

சபையோன்
அது கண்ணாடி.

பட்டறைக்காரன்
கண்ணாடி இல்லை சார். அதுவும் கார்பன்தான், சூடு கடத்துகிற விதத்தை வைத்துப் பார்க்கிற சாதாரண டெஸ்டரில் இரண்டும் வைரம் என்றுதான் காட்டும். திருப்பி விற்கும்போது விலை அடிபடும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சபையோன்
விற்கும்போது விலை இல்லாதது கண்ணாடிதான். முப்பது வருஷமாக நகை வாங்குகிறேன், எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அரைப்பவுன்
இந்த வம்பே வேண்டாம் என்றுதான் முதலிலேயே 22 காரட் சொன்னேன்.

பவளமல்லி
தம்பி எங்கே? அட்வான்ஸ் கொடுத்தீர்களா இல்லையா?

காங்கேயம்காளை
அளவு வந்தது, சுற்றளவு 63. கல் வேண்டாம் என்று அம்மா சொல்லிட்டாங்க. 22-ல் ஆர்டர் கொடுத்தாச்சு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டெலிவரி, ஹால்மார்க்கோடு என்று பில்லில் எழுதி வாங்கியிருக்கிறேன். பேர் அப்புறம்தான். பட்டறை அண்ணனுக்கும் துபாய் அண்ணனுக்கும் நன்றி.

சபையோன்
கடைசியில் நான் சொன்னபடிதான் ஆயிற்று.

மிளகுரசம்
செய்கூலி, சேதாரம் எவ்வளவு போட்டார்கள்?

அரைப்பவுன்
அது கிடக்கட்டும். பத்தரா, கேட் கடையா? அதைச் சொல்லிட்டுப் போங்க தம்பி.