நிலைமின் ஹெட்ஃபோனும் அதற்கேற்ற ஆம்பும்: பட்டுத் தெரிந்துகொண்டவை

முதல் பகிர்வு, சென்னை

டோக்கியோவில் வேலை பார்த்த ஆண்டுகளில், சனிக்கிழமை மாலையானால் நகானோ பிராட்வே கட்டடத்தில் உள்ள ஒலிக்கருவிக் கடைக்குச் சென்று, கண்ணாடி அலமாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எனக்கு வழக்கமாக இருந்தது. ஒருநாள் அங்கே ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்-009 என்ற நிலைமின் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்க வாய்த்தது. நான் கையோடு கொண்டுபோயிருந்த நாகசுவர ஒலிப்பதிவில் ஜால்ரா அதுவரை எனக்கு வெறும் ‘சிங்’ என்ற ஓசைதான். அன்றைக்கு அது இரண்டு வெண்கலக் கிண்ணங்கள் தொடுவதாகவும், உரசுவதாகவும், விலகுவதாகவும் தனித்தனியே பிரிந்து கேட்டது. அடுத்த பல மாதங்கள் பணம் சேர்த்து அதையே வாங்கினேன்.

கடையில் அந்த ஹெட்ஃபோன் எந்த ஆம்பில், அதாவது இசை சிக்னலைப் பெருக்கித் தரும் கருவியில், செருகப்பட்டிருந்தது என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காததுதான் நான் செய்த பிழை. கையிருப்பை எல்லாம் ஹெட்ஃபோனில் கொட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கிடைத்த உள்ளங்கை அகல ஆம்ப் ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்தேன். வீட்டில் கேட்டபோது ஜால்ரா மறுபடியும் ‘சிங்’ ஆகிவிட்டது. தவிலின் தொப்பியில் கழி விழும்போது வயிற்றில் உணர வேண்டிய அதிர்வு, பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்துவதுபோல் ஒலித்தது. ஒலியைக் கூட்டினால் ஓசை பெருகியதே தவிர உயிர் வரவில்லை.

காரணம் புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது. சாதாரண ஹெட்ஃபோனில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். நிலைமின் ஹெட்ஃபோனில் அவை இரண்டுமே கிடையாது. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, ஓரிரு மைக்ரான் தடிமனே உள்ள ஒரு சவ்வு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஸ்டேட்டர் எனப்படும் அந்தத் தகடுகளில் இசைக்கான மின்னழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்கும். சவ்வின்மேல் பயாஸ் எனப்படும் மாறாத மின்னழுத்தம், 580 வோல்ட், நிலையாக நிற்கும். மின்சுற்றின் கண்ணுக்கு இது ஒரு மின்தேக்கி மட்டுமே. எஸ்ஆர்-009-இன் மின்தேக்குதிறன், அதன் கம்பியையும் சேர்த்து, 110 பிகோஃபாரட். 100 வோல்ட் கொடுத்தால் 101 டெசிபெல் ஒலி கிடைக்கும். மற்ற ஹெட்ஃபோன்களுக்கு மில்லிவாட் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வோல்ட் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது; ஆகவே நல்ல ஆம்புகள் 300, 400 வோல்ட் வரை ஏற்றி இறக்குகின்றன.

ஆனால் வோல்ட்டோடு கணக்கு முடிவதில்லை. அலைவெண் ஏற ஏற, மின்னோட்டத்துக்கு மின்தேக்கி காட்டும் மறுப்பு குறைந்துகொண்டே வரும். 10 கிலோஹெர்ட்ஸில் 145 கிலோ ஓம் ஆக இருப்பது, 20 கிலோஹெர்ட்ஸில் அதில் பாதியாகிவிடும். அங்கே 400 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமானால் ஐந்தரை மில்லிஆம்பியர் ஓட வேண்டும். எண் சிறியதுதான், ஆனால் அதை அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தில் சட்டென்று தர ஆம்பின் கடைசிக் கட்டத்துக்குத் திராணி வேண்டும். தவிலின் அடி வோல்ட்டைக் கேட்கிறது, ஜால்ரா மின்னோட்டத்தைக் கேட்கிறது; இரண்டும் ஒரே நொடியில் வரும்போதுதான் சிறிய ஆம்ப் திணறுகிறது.

இதை எனக்குக் காதால் நிரூபித்தவர் டோக்கியோவிலேயே இருந்த ஒரு மூத்த நண்பர். அவரிடம் ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-எல்700 இருந்தது. விலையில் என்னுடையதற்கு வெகு கீழே. ஆனால் ஆம்பாக அவர் வைத்திருந்தது நான்கு இஎல்34 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) கொண்ட ப்ளூ ஹவாய். தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்தால் எல்700-க்கும் 009-க்கும் அதே 110 பிகோஃபாரட், அதே 145 கிலோ ஓம், அதே 101 டெசிபெல். ஆம்புக்கு இவ்விரண்டில் எது தன்மேல் செருகப்பட்டிருக்கிறது என்றே தெரியாது. அவருடைய எல்700-ஐ அந்த ஆம்பிலும், என் 009-ஐ என் சிறிய ஆம்பிலும் மாற்றி மாற்றிக் கேட்டோம். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை குனிந்துவிட்டது. பிறகு இரண்டையும் அவருடைய ஆம்பிலேயே கேட்டபோது 009 தன் விலைக்கு நியாயம் செய்தது. ஆனால் அந்த வித்தியாசம், இரண்டு ஆம்புகளுக்கிடையே நான் கேட்டதைவிடச் சிறியது.

எனவே சிறிய ஆம்பை விற்றுவிட்டு, பழைய பொருளாக ஸ்டாக்ஸின் எஸ்ஆர்எம்-007டிII ஆம்ப் ஒன்றை வாங்கினேன். நான்கு 6எஃப்க்யூ7 வால்வுகளோடு 340 வோல்ட் வரை தரும் அந்த ஆம்ப் என் காதுக்குப் போதுமானதாக இருந்தது. சென்னைக்கு வீடு மாற்றிய பிறகுதான் அடுத்த பாடம் கிடைத்தது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டபோது, 230-ஐக் குறைத்துத் தரும் மின்மாற்றி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அதன்மேல் 110 என்று எழுதியிருந்ததைப் பார்த்தும், பத்து வோல்ட்தானே என்று விட்டுவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு மேல் ஆம்பின் மேல்மூடி கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சுவரில் 246 வோல்ட். அதனால் ஆம்புக்குப் போய்க்கொண்டிருந்தது ஏறக்குறைய 118. நூறு வோல்ட்டை எதிர்பார்த்து வடிவமைத்த கருவியில் வால்வுகளின் ஹீட்டர், உயர் மின்னழுத்தம் எல்லாமே ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தன. மறுநாளே மின்மாற்றி சுற்றித் தருபவர் ஒருவரிடம் சென்று, 240-க்கு 100 என்ற கணக்கில் வளைய வடிவ மின்மாற்றி ஒன்றைச் செய்துதரச் சொன்னேன். ஆம்ப் 50 வாட் அளவில்தான் எடுக்கும் என்றாலும் 200 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனில் சுற்றச் சொன்னதால், அது இன்றுவரை சூடாவதே இல்லை.

இரண்டாம் பகிர்வு, சிங்கப்பூர்

மேலே எழுதிய நண்பரின் வழி செலவு மிகுந்தது. நான் வந்த வழி மலிவானது, ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. எனக்குக் கிடைத்தது ஸ்டாக்ஸ் எஸ்ஆர்டி-7 என்ற பழைய பெட்டி. அதை வழக்கமான ஒலிபெருக்கி ஆம்பின் முனைகளில் இணைத்துவிட்டால், உள்ளிருக்கும் மின்மாற்றிகள் இசை மின்னழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்தும். பயாஸ் மட்டும் சுவர் மின்சாரத்திலிருந்து உருவாகும். வீட்டில் நல்ல ஒலிபெருக்கி ஆம்ப் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது ஒரு கள்ளச் சாவி என்றே சொல்வேன். உயர்த்தும் விகிதம் 25 மடங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 400 வோல்ட்டுக்கு ஒலிபெருக்கி ஆம்ப் 16 வோல்ட் தந்தால் போதும். எட்டு ஓம் ஒலிபெருக்கியில் 32 வாட் தரக்கூடிய எந்த ஆம்பும் அந்த மின்னழுத்தத்தைச் சிரமமில்லாமல் எட்டும்.

பள்ளம் எங்கே இருந்தது என்றால், செருகியில். பழைய ஸ்டாக்ஸ் ஹெட்ஃபோன்கள் 230 வோல்ட் பயாஸில் இயங்குபவை. அவற்றின் செருகியில் ஆறு முனைகள் உண்டு. பின்னர் வந்த ‘ப்ரோ’ வகைக்கு 580 வோல்ட், ஐந்து முனைகள். ஆறு முனைச் செருகி ஐந்து துளைக்குள் நுழையாது. எனவே பழைய ஹெட்ஃபோனை உயர்ந்த பயாஸில் செருகிக் கெடுத்துவிட முடியாது. ஐந்து முனைச் செருகியோ ஆறு துளைக்குள் சுகமாக நுழைந்துவிடும். என் பெட்டியில் இருந்தது ஆறு துளை. நான் வாங்கியிருந்த லாம்ப்டா வகை ஹெட்ஃபோன் ஐந்து முனை. இரண்டு மாதம் அப்படியே கேட்டுவிட்டு, நிலைமின் ஹெட்ஃபோன் என்று உலகம் கொண்டாடுவது இவ்வளவுதானா என்று சலித்துப்போய் விற்கவும் விளம்பரம் எழுதிவிட்டேன். வாங்க வந்தவர்தான் செருகியைப் பார்த்துச் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். 580 இருக்க வேண்டிய இடத்தில் 230 இருந்தால் ஒலி எட்டு டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட நான் ஆம்பைத் திருகிக்கொண்டே போனதில், மின்மாற்றிகள் தாங்கள் தாங்கும் எல்லையைத் தொட்டிருந்தன. வந்தவர் நல்ல மனிதர். தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, 580 வோல்ட் ஆம்பில் அதே ஹெட்ஃபோனைப் போட்டுக் காட்டினார். விற்பதாக இருந்ததை விற்கவில்லை.

மூன்றாம் பகிர்வு, நாகர்கோவில்

ஆம்பைப் பற்றி இருவரும் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் ஈரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சவ்வின்மேல் நிற்கும் மின்னேற்றம் நுண்ணியது. பல மெகா ஓம் மின்தடை வழியாக மெதுவாக ஏறுவது. தூசியும் ஈரமும் சேர்ந்து அது கசிய ஒரு வழி கொடுத்துவிட்டால், ஒரு காது மட்டும் மெல்ல மெல்லத் தணிந்துபோகும். ஐப்பசி மழையில் எனக்கு இடக்காது அப்படித்தான் போனது. கருவி கெட்டுவிட்டது என்று பதறினேன். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் ஈரமகற்றும் பெட்டி ஒன்றை வாங்கி, 45 விழுக்காடு ஈரப்பதத்தில் நாலைந்து நாள் வைத்த பிறகு இரண்டு காதும் சமமாகிவிட்டன. பழைய பொருள் வாங்கப் போகிறவர்கள் ஒற்றைக் குரல் பாட்டை, இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்படி, மோனோவில் ஓடவிட்டு, குரல் நடுவிலேயே நிற்கிறதா என்று குறைந்தது ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். மாட்டிய ஐந்தாம் நிமிடத்தில் நடுவில் இருக்கும் குரல் நாற்பதாம் நிமிடத்தில் ஒருபக்கம் சாயலாம்.

என் பங்குக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. ஆம்ப் ஒலிக்கருவி அலமாரியில் இருக்கிறது. நான் கேட்பதோ கூடத்து ஊஞ்சலில். ஐந்து மீட்டர் நீட்டிப்புக் கம்பி வாங்கலாமா?

முதலில் எழுதியவரின் மறுமொழி

சிங்கப்பூர் நண்பர் சொன்ன செருகிக் கதையை இங்கே முன்பே யாராவது எழுதியிருந்தால், எனக்குத் தெரிந்த இருவர் தப்பித்திருப்பார்கள். தனிச் செய்தியில் ஸ்டாக்ஸின் எஸ்ஆர்-007 ஹெட்ஃபோன் வாங்கலாமா, 009 வாங்கலாமா என்று கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 007-இன் உணர்திறன் ஒரு டெசிபெல்தான் குறைவு. ஆனால் என் அனுபவத்தில் அது ஆம்பின் வறுமையை மன்னிப்பதே இல்லை. பலவீனமான ஆம்பில் மந்தமாக, தூங்கிவழிவதுபோல் கேட்கும். வலுவான ஆம்பில் நாகசுவரத்தின் கீழ்ஸ்தாயி 009-இல் இல்லாத கனத்தோடு வரும். ஆம்ப் இன்னும் முடிவாகவில்லை என்றால் இரண்டையுமே தள்ளிவைத்துவிட்டு, எல்700-ஐ வைத்துக்கொண்டு ஆம்புக்குச் சேமியுங்கள்.

நாகர்கோவில் நண்பருக்கு: நீட்டிப்புக் கம்பி வேண்டாம். கம்பியும் ஒரு மின்தேக்கிதான். ஒவ்வொரு மீட்டரும் ஆம்பின் தலையில் ஏறும் கூடுதல் சுமை, அதுவும் ஜால்ரா ஒலிக்கும் அதே உச்ச அலைவெண்களில். சென்ஹைசர் நிறுவனத்தார் 2015-இல் அறிவித்த எச்இ 1 ஹெட்ஃபோனில் உயர் மின்னழுத்தம் தரும் கடைசிக் கட்டத்தையே காதுக் கிண்ணங்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் என்றால், கம்பியை ஓட்டுவதில் ஆம்பின் சக்தி வீணாகக்கூடாது என்பதற்காகத்தான். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டிஜிட்டல் இசையை மாற்றித் தரும் டிஏசி-யிலிருந்து ஆம்புக்கு வரும் சிக்னல் கம்பி ஐந்து மீட்டர் நீண்டாலும் ஒன்றும் ஆகாது. வெளி இரைச்சலைத் தடுக்கும் சமநிலை (பேலன்ஸ்டு) இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஆம்பை ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் ஆடும்போது ஹெட்ஃபோன் கம்பி சங்கிலியில் சிக்காமல் இருக்க என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்கிறேன்.